உடல்நலமும் உழைத்த காசும்

(சங்கத்தின் நூற்றாண்டையொட்டி நல்லூரில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



நூற்றாண்டு மலருக்கு ஒரு உரை வேண்டும், பெண்கல்வியைப் பற்றிப் பேசுங்கள் என்றுதான் செயலாளர் முதலில் கேட்டார். பெண்கல்வியைப் பற்றிப் பேசுவதற்கு இந்தச் சபையில் என்னிலும் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் வங்கியில் வேலை செய்தவள். அடைவுப் பிரிவிலும் கடன் பிரிவிலும் இருபத்தேழு வருடம் இருந்து ஓய்வுபெற்றேன். எனக்குத் தெரிந்தது காசும், காசில்லாதவர்களின் முகமும். ஆகவே, பாடசாலைப் படிப்பை இடையில் விட்டு, குறைந்த சம்பளத்துக்கு உழைக்கும் பெண்களுக்கு நாம் என்ன கல்வி கொடுக்கலாம் என்பதைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அவர் மறுக்கவில்லை.

யாரை மனதில் வைத்துச் சொல்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மண்டபத்திலிருந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போனால் துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றபடி சேலை விரித்துக் காட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தனியார் வைத்தியசாலைகளிலும் விடுதிகளிலும் நிலம் துடைப்பவர்கள், உணவகங்களில் பின்பக்கம் பாத்திரம் கழுவுபவர்கள், வெங்காயத் தறையிலும் புகையிலைத் தோட்டத்திலும் நாட்கூலிக்குப் போகிறவர்கள், முன்பள்ளி ஆசிரியைகள், நம் வீடுகளில் சமைத்துக் கொடுத்துவிட்டுப் பின்னேரம் சைக்கிளில் வீடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். முன்பள்ளி ஆசிரியைகளை இந்தப் பட்டியலில் சேர்த்ததைப் பார்த்துச் சிலர் வியப்படையலாம். எல்லோரும் அவர்களை 'ரீச்சர்' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறோம். அவர்களுக்குக் கிடைக்கும் கொடுப்பனவைக் கேட்டால் நமக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

ஒரு உண்மையை ஒப்புக்கொண்டு தொடங்க வேண்டும். நான் கடன் பிரிவில் இருந்த காலத்தில் ஒரு பெண் தையல் மெசின் வாங்க நாற்பதாயிரம் ரூபா கேட்டு வந்தார். அரசாங்க உத்தியோகத்தர் இருவரைப் பிணைக்குக் கொண்டுவரச் சொன்னேன். அதுதான் விதி. அவருக்குத் தெரிந்த அரசாங்க உத்தியோகத்தர் அவருடைய கிராம சேவையாளர் ஒருவர்தான். விண்ணப்பப் படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "பரவாயில்லை மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் எங்கே போனார் என்று நான் யோசிக்கவில்லை. அவரைப் போன்றவர்கள் எங்கே போனார்கள் என்பது பின்னர் நாடு முழுவதற்கும் தெரிந்தது.

2009 இல் போர் முடிந்தபின் ஏ9 வீதி வழியாக வடக்கிற்கு வந்தவற்றுள் நுண்கடன் கொம்பனிகளும் அடங்கும். பிணை வேண்டாம், காணி உறுதி வேண்டாம், அடையாள அட்டையும் ஐந்து பெண்கள் சேர்ந்த ஒரு குழுவும் போதும். வீட்டு வாசலுக்கு வந்து காசு கொடுத்தார்கள், வீட்டு வாசலுக்கு வந்தே வசூலித்தார்கள். வங்கி கதவைச் சாத்திய இடத்தில் அவர்கள் கதவைத் தட்டினார்கள் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க மூன்றாவது கடன் என்று போய், கட்டுக்காசு நாளில் வீட்டைப் பூட்டிவிட்டுப் பற்றைக்குள் ஒளித்திருந்த பெண்களின் கதை எங்கள் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். 2016 இல் நுண்நிதியளிப்புச் சட்டம் வந்தது. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடனைக் கட்டமுடியாமல் நிலுவையில் வைத்திருந்த பெண்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில் மத்திய வங்கி தன் மேற்பார்வையிலுள்ள நிதிக் கொம்பனிகளின் நுண்கடன்களுக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்று வட்டிக்கு உச்சவரம்பு விதித்தது. 35 வீதம் உச்சவரம்பாக வந்தது என்றால், அதற்கு முன்பு எவ்வளவு அறவிடப்பட்டிருக்கும் என்று நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

ஓய்வுபெற்ற பிறகு, என்னோடு ஒரே வகுப்பில் படித்து, குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வுபெற்ற தோழியும் நானுமாக, ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் ஒரு சனசமூக நிலையத்தில் வகுப்புப் போல ஒன்றைத் தொடங்கினோம். முதல் நாள் வெண்பலகை, வர்ணப் பேனை எல்லாம் கொண்டுபோனேன். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம், மிச்சம் சேமிப்பு என்று எழுதிக் காட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழும்பி, "சேமிக்கச் சொல்லுறியள், நல்லது மிஸ். எதிலை இருந்து எண்டும் சொல்லுங்கோவன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என்னிடம் பதில் இல்லை. அடுத்த கிழமை பாதிப் பேர் வரவில்லை.

தோழிதான் வழி கண்டுபிடித்தாள். "நீ பிறகு கதை. முதலில் நான் பிறஷர் பார்க்கிறேன்" என்றாள். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு வாசலில் ஒரு கதிரை போட்டு இருந்தாள். வருகிறவர்கள் கையை நீட்டிக்கொண்டு இருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் எல்லாம் கதைத்தார்கள். தலையிடி, நித்திரையின்மை, மாதவிடாய், கணவனின் குடி, கடைசியில் கட்டுக்காசு. நோயைப் பற்றித் தொடங்கிய ஒவ்வொரு கதையும் காசில் போய் முடிந்தது. காசைப் பற்றித் தொடங்கியதும் நோயில் போய் முடிந்தது. இரண்டும் வெவ்வேறு பாடங்கள் அல்ல என்று நாங்கள் படித்தது அப்படித்தான்.

நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பது பிறகு தெரியவந்தது. சென்னையில் ஜெயா அருணாச்சலம் என்ற அம்மையார் 1978 இல் உழைக்கும் மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். கட்சி அரசியலில் இருந்தவர், அதை விட்டு, பூ விற்பவர்கள், மீன் விற்பவர்கள், இட்டலி சுட்டு விற்பவர்கள் ஆகியோரிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்டார். சிறு கடன் வேண்டும் என்றார்கள். கடன் ஒழுங்கு செய்து கொடுத்தபின், நோயும் பிள்ளைப்பேறும்தான் அந்தக் காசை விழுங்குகின்றன என்பது தெரிந்தது. அதனால் அதே சேரிகளிலுள்ள பெண்களையே சுகாதார ஊழியர்களாகப் பயிற்றினார். ஆமதாபாத்தில் இலா பட் அம்மையார் 1972 இல் தொடங்கிய சேவா சங்கமும், 1974 இல் அந்தப் பெண்களே பங்குதாரராக அமைத்த சேவா வங்கியும் இதே பாதையில் போனவை. 2007 இல் தொடங்கிய ஹேர்புரொஜெக்ற் என்னும் திட்டம் பல நாடுகளின் தொழிற்சாலைகளில் இன்னொரு முறையைக் கையாண்டது. வெளியிலிருந்து ஒருவர் வந்து எல்லோருக்கும் விரிவுரை செய்வதில்லை. தொழிலாளப் பெண்களுள் சிலரைத் தெரிந்து பயிற்றுவார்கள். அவர்கள் சாப்பாட்டு நேரத்திலும் பஸ்ஸிலும் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். முதலில் சுகாதாரம், பிறகு பண விடயம்.

தொலைவுக்குப் போகத் தேவையில்லை. மூளாயில் 1930களில் ஊர்மக்கள் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையையே அமைத்தார்கள். அது இன்றும் இருக்கிறது. யாழ்ப்பாணத்து ஊர்களில் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் நம் பாட்டன்மார் காலத்திலேயே நடந்தன. நாம் நாடகமும் நடனமும் பார்க்கப் போகும் வீரசிங்கம் மண்டபத்துக்குப் பெயர் தந்தவர் ஆசிரியராக இருந்து கூட்டுறவு இயக்கத்துக்கு உழைத்தவர். 'சிக்கனம்' என்ற சொல்லைக் 'கடனுதவு' என்ற சொல்லுக்கு முன்னே வைத்த தலைமுறை அது. நுண்கடன் வந்தபோது அந்த வரிசை தலைகீழாகிவிட்டது.

இனி, எங்கள் வகுப்பில் உண்மையில் என்ன கற்பிக்கிறோம் என்று சொல்கிறேன். உங்களுள் சிலராவது உங்கள் ஊரில் இதைச் செய்ய வேண்டும் என்பதற்காகவே விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது பாடம் வட்டி. ஒருநாள் அங்கே வந்திருந்த ஒருவரிடம், "என்ன வட்டிக்கு எடுத்தனீங்கள்?" என்று கேட்டேன். "மிஸ், நான் வட்டி எத்தினை வீதம் எண்டு கேக்கேல்லை. கிழமைக்கு எவ்வளவு எண்டுதான் கேட்டனான்" என்றார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. அவருடைய வருமானமும் கிழமைக் கணக்கு, அவருடைய கவலையும் கிழமைக் கணக்கு. ஆகவே, கிழமைக் கணக்கிலேயே தொடங்கினோம். 50,000 ரூபா கடன். கிழமைக்கு 1,200 ரூபா, 52 கிழமை. பெருக்கிப் பார்த்தால் 62,400. வட்டி 12,400. ஐம்பதாயிரத்துக்குப் பன்னிரண்டாயிரம்தானே, 25 வீதம்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் முதற்கிழமையிலிருந்தே கடன் குறைந்துகொண்டு வருகிறது. ஆறு மாதத்தில் அவர் கையில் இருப்பது ஏறக்குறையப் பாதிக் கடன்தான். ஆனால் வட்டி முழு ஐம்பதாயிரத்துக்கும் முழு ஆண்டுக்கும் போடப்பட்டிருக்கிறது. சரியாகக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 45 வீதமளவில் வருகிறது. 'ஆவணச் செலவு', 'காப்புறுதி' என்று முதலிலேயே கழித்துக்கொண்டு கொடுத்தால் இன்னும் கூடும். இதைப் புளியங்கொட்டை வைத்து விளங்கப்படுத்தினோம். ஐம்பது கொட்டையை வைத்து, கிழமைக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போக, மிஞ்சியிருக்கும் கொட்டைகளைப் பார்த்து அவர்களே சொன்னார்கள், "அப்ப இல்லாத காசுக்கும் வட்டி கட்டியிருக்கிறம்."

இரண்டாவது பாடம் சம்பளம். இந்த நாட்டில் தேசிய குறைந்தபட்ச வேதனத்துக்கு 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மாதம் 10,000 ரூபாவாகத் தொடங்கியது 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும், 2026 ஜனவரியில் 30,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. வகுப்பில் இதைச் சொன்னபோது கடையில் வேலை செய்யும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வைக்கு விளக்கம் தேவையில்லை.

அடுத்தது ஊழியர் சேமலாப நிதியம். 1958 முதல் இருக்கும் சட்டம். தொழிலாளியின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். 1980 இல் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி மட்டும் 3 வீதம் கட்ட வேண்டும். 30,000 ரூபா சம்பளத்தில் சேமலாப நிதிக்கு மட்டும் மாதம் 6,000. ஆண்டுக்கு 72,000. பத்து ஆண்டுக்கு வட்டி சேராமலே 7,20,000 ரூபா. இதைப் பலகையில் எழுதியபோது சபை அமைதியாகிவிட்டது. பத்து, பன்னிரண்டு வருடம் வேலை செய்தவர்களுள் தங்கள் அங்கத்தவர் இலக்கம் என்னவென்று தெரிந்தவர்கள் மிகச் சிலரே. சிலருக்கு அப்படி ஒரு இலக்கமே இல்லை. கலியாணம் முடித்து வேலையை விடும் பெண்ணுக்கு அந்தக் காசை எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால் இருபத்திரண்டு வயதில் எடுத்துத் தாலிக்கொடிக்கும் விருந்துக்கும் செலவழித்துவிட்டு, நாற்பது வயதில் வெறுங்கையோடு மீண்டும் வேலைக்கு வருகிறார்கள். எடுக்க முடியும் என்பதற்காக எடுக்க வேண்டியதில்லை என்று சொல்லிக் கொடுக்கிறோம்.

பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு. இது 1983 ஆம் ஆண்டுச் சட்டம். பிரசவ விடுமுறை, எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாட்கள் என்று 2018 இல் திருத்தப்பட்டது. இவை எல்லாம் யாருடைய தருமமும் அல்ல, உரித்து. இந்தச் சொல்லை மட்டும் ஒவ்வொரு வகுப்பிலும் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

மூன்றாவது, கையெழுத்து. தேசவழமை நம் பெண்களுக்குச் சீதனமாகக் காணியும் வீடும் கொடுத்தது என்று பெருமைப்படுகிறோம். அந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. போரில் கணவன் காணாமற்போன பெண், தன் பெயரிலுள்ள காணியையே பிணையாகக் காட்ட முடியாமல் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. ஆகவே உறுதி யார் பெயரில், எங்கே இருக்கிறது, யாருடைய கடனுக்குத் தான் பிணை நின்றிருக்கிறார் என்பதை ஒவ்வொருவரும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்கிறோம். வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் கடன்காரனிடம் கொடுத்து வைத்திருந்தவர்களையும் கண்டிருக்கிறோம். அதை மீளப் பெறுவதுதான் சிலருக்கு முதல் வீட்டுப்பாடம்.

இனி உடம்பு. தோழியின் பகுதி இது. அவள் மேடைக்கு வரமாட்டேன் என்றதால் நான் சொல்கிறேன்.

கடைப் பிள்ளைகளுக்கு அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருகிறது. காரணம் கேட்டால், "நாங்கள் தண்ணி குடிக்கிறேல்லை மிஸ்" என்கிறார்கள். குடித்தால் போக வேண்டும். போவதற்கு இடம் இல்லை, இருந்தாலும் முதலாளியிடம் கேட்க வெட்கம். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் வியாபாரம் கூட, நிற்கும் நேரமும் கூட. நாம் அருச்சனைத் தட்டோடு போகும் அதே நாட்களில் அவர்களுடைய கால் நரம்புகள் புடைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் 2021 இல் கடைச் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர்கள் இருப்பதற்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று விதித்தார்கள். கேரளத்தில் அதற்கு முன்பே வந்துவிட்டது. இருப்பதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இரத்தச்சோகை இன்னொன்று. காலையில் ஒரு பிளேன்ரீ, மத்தியானச் சோற்றோடு இன்னொரு பிளேன்ரீ. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள், முருங்கையிலை வறைக்குத் தேசிக்காய் விடுங்கள் என்று சொல்வதற்குச் செலவு ஒன்றும் இல்லை. இப்படிக் காசு செலவில்லாத அறிவுரைகளை முதலில் சொன்னால்தான் அடுத்த கிழமையும் வருவார்கள்.

அடுத்தது சுகவனிதையர் கிளினிக். 1996 முதல் இந்த நாட்டில் நடக்கிறது. முற்றிலும் இலவசம். 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை, மார்பகப் பரிசோதனை, இரத்த அழுத்தம், சலரோகம் எல்லாம் பார்ப்பார்கள். ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு 2017 முதல் எச்பிவி தடுப்பூசியும் பாடசாலையிலேயே கொடுக்கிறார்கள். எல்லாம் இருக்கிறது. ஆனால் கிளினிக் நடப்பது வேலைநாளில். அரை நாள் போனால் ஒரு நாட்சம்பளம் போகும்.

எங்கள் வகுப்புக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல அவரிடம் அனுமதி கேட்டேன். பெயர் வேண்டாம், விடயத்தைச் சொல்லுங்கோ என்றார். மார்பில் கட்டி இருப்பது அவருக்கு மாதக்கணக்காகத் தெரியும். கிளினிக் செவ்வாய்க்கிழமை. அவருடைய குழுக்கடன் கூடுவதும் செவ்வாய்க்கிழமை. குழுவில் ஒருவர் வராவிட்டால் அவருடைய கட்டுக்காசை மற்ற நால்வரும் போட வேண்டும். போட்டு முடியும் வரை எல்லோரையும் எழும்பவிடமாட்டார்கள். "மற்றவையைக் காக்க வைக்க ஏலாது" என்று அவர் ஒவ்வொரு செவ்வாயும் கூட்டத்துக்கே போனார். தோழி பிறஷர் பார்த்த கதிரையில் இருந்துதான் முதன்முதலாக இதைச் சொன்னார். அடுத்த செவ்வாய் அந்த நால்வரும் அவருடைய பங்கைத் தாங்களே போட்டுவிட்டு, ஒருவரை அவரோடு கூட அனுப்பினார்கள். பிறகு தெல்லிப்பழைக்குப் போனார். 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஆயிரக்கணக்கானோர் நடந்து சேர்த்த காசில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை அங்கே இருக்கிறது. சத்திரசிகிச்சை நடந்தது. இன்னும் மருந்து எடுக்கிறார். மாதங்களைத் தவறவிடாதிருந்தால் இவ்வளவு பெரிய சிகிச்சை தேவைப்பட்டிராது என்று வைத்தியர் சொன்னார்.

அவர் யார் தெரியுமா? தையல் மெசினுக்கு நாற்பதாயிரம் கேட்டு வந்தவர். அவர்தான் என்னை முதலில் அடையாளம் கண்டார். "நீங்கள் பாங்கிலை இருந்தனீங்களல்லோ மிஸ்" என்றார். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. தெரிந்த ஒருவரைக் கண்ட சந்தோஷத்தில்தான் சொன்னார். எனக்குத்தான் அன்றிரவு நித்திரை வரவில்லை.

அதனால் இந்தக் கல்வியின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அறிவு கொடுத்துவிட்டால் போதும், பிறகு கடன்படுவதும் நோய்ப்படுவதும் அவர்களுடைய பிழை என்று நாம் நினைக்கத் தொடங்கினால் இந்த வகுப்பை நடத்தாமல் விடுவது நல்லது. அந்தப் பெண்ணுக்கு அறிவு குறைவாக இருக்கவில்லை. அவருக்குக் குறைவாக இருந்தவை ஒரு செவ்வாய்க்கிழமையும் ஒரு நாட்சம்பளமும்தான். வகுப்பில் சொல்லிக் கொடுப்பது அவர்கள் பாதி. சட்டப்படி சம்பளம் கொடுப்பதும் நிதிக்குக் காசு கட்டுவதும் முதலாளிமார் பாதி. அந்த முதலாளிமாரில் நம் பழைய மாணவிகளும், அவர்களுடைய கணவன்மாரும், சகோதரர்களும் இருக்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது நம் விடுதிச் சமையற்கட்டு நினைவுக்கு வருகிறது. விடுதியில் இருந்தவர்களுக்கு அந்த ஆச்சியை மறக்க முடியாது. அவர் வைத்த பருப்பையும் சொதியையும் பற்றி இன்றும் கனடாவில் கூடும்போது கதைக்கிறோம். அவர் வேலையை விட்டுப் போன நாளில் என்ன கொடுத்து அனுப்பினார்கள், அதற்குப் பிறகு எப்படிச் சீவித்தார் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே நூற்றாண்டை முன்னிட்டு நான்கு விடயங்களைச் சபையின் முன் வைக்கிறேன்.

ஒன்று, நம் வீட்டிலோ கடையிலோ ஒரு பெண் வேலை செய்தால், அவருக்குச் சட்டப்படி உரியதைக் கட்டுகிறோமா என்று இன்றிரவே பாருங்கள். வீட்டு வேலைக்கு வருபவருக்குச் சேமலாப நிதி கட்டும் வழக்கம் நம்மிடம் இல்லை. அவர் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்குத் திறந்து, சம்பளத்தோடு 12 வீதத்தை மாதாமாதம் அதில் போடலாம். புத்தகம் அவர் கையில் இருக்க வேண்டும்.

இரண்டு, சங்கத்தில் ஒரு சிறு 'கிளினிக் நாள்' நிதி. பரிசோதனைக்குப் போகும் பெண்ணுக்கு அன்றைய நாட்சம்பளத்தையும் பஸ் காசையும் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. கடன் அல்ல, கொடை. தயவுசெய்து இன்னொரு கடன் திட்டத்தை நாம் தொடங்க வேண்டாம். கடன் வேண்டியவர்களைச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடுவோம்.

மூன்று, ஓய்வுபெற்ற கணக்காளர்கள், தாதிமார், சட்டத்தரணிகள், ஆசிரியைகள் நம்மிடையே எத்தனையோ பேர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் தாருங்கள். சம்பளச் சீட்டை வாசித்து விளங்கப்படுத்தவும், தொழில் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் எழுதவும், பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கூட்டிப்போகவும் ஆட்கள் வேண்டும். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தைச் சுவரில் ஒட்டிவிட்டால் மட்டும் போதாது, எடுக்கப் பயப்படுபவருக்குப் பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். வகுப்பை நீண்டகாலம் நடத்தப்போவது நாங்கள் அல்ல. அந்தப் பெண்களிலேயே ஆறு பேர் இப்போது மற்றவர்களுக்குப் புளியங்கொட்டைக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்கிறார்கள்.

நான்கு, நம் பாடசாலைப் பிள்ளைகள். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தும் ஒவ்வொரு பிள்ளையும் போவதற்கு முன், வட்டியைக் கணிக்கவும், சேமலாப நிதி என்றால் என்னவென்று சொல்லவும், தன் உடம்பைப் பற்றி வெட்கமின்றி வைத்தியரிடம் கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். கணித பாடத்தில் கூட்டுவட்டி நமக்கும் கற்பித்தார்கள். அது கடன்காரன் வாசலில் நிற்கும்போது பயன்படும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. முன்வரிசையில் இருக்கும் என் கணித ஆசிரியைக்கு அதற்காக இன்று நன்றி சொல்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் தோழிகள் நூற்றாண்டு நினைவாக ஒரு மண்டபம் கட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள். கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த மண்டபத்தை ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் எங்களுக்குத் திறந்துவிடுங்கள். திறப்பு யாரிடம் இருக்கும் என்பதையும் அடிக்கல் நாட்டும் நாளிலேயே தீர்மானித்துவிட்டால் நல்லது.

தோழி வாசலில் பிறஷர் பார்க்கும் கருவியோடு இருக்கிறாள். தேநீர் குடிக்க முன் ஒருக்கால் கையை நீட்டிவிட்டுப் போங்கள்.